லேப்டாப்பின் நெற்றியில் சந்தனம்

எலவனாசூர்கோட்டை,
புதன்கிழமை காலை.

உலகப் பரிசு வாங்கப்போகும் என் தங்கச்சி மகள் செல்வி இசைவாணிக்கு, உன் ஒரே தாய்மாமன் தெய்வசிகாமணி, அரசுப் பேருந்து நடத்துநர், பணி ஓய்வு, ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. 'ஒரே' என்று போட்டிருப்பதைக் கவனி. ஏன் போட்டேன் என்பது பின்னால் தெரியும். நானும் உன் அத்தையும் சுகம். என் சர்க்கரை போன மாதத்தைவிடக் கம்மி. ஜெர்மனியில் குளிர் ஜாஸ்தி என்று டீவியில் சொன்னான், வெளியே போனால் காதை மூடிக்கொண்டு போகவும். கையெழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். என் கண்ணாடியை ஞாயிற்றுக்கிழமை ஓர் இடத்தில் மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். திரும்பப் போய் எடுக்க முடியாத இடம். உன் அத்தையின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதுவதால் வரி எல்லாம் மலை ஏறி இறங்குகிறது.

நிற்க. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நீ பார்த்தது பாதிதான். முதலில் நான் சிரித்த முகமாக வந்தேன், அப்புறம் ஒரு மஞ்சள் கை வந்தது, அப்புறம் ஒரே இருட்டு, இருட்டுக்குள் சத்தம், அப்புறம் அதுவும் இல்லை. நீ பயந்துபோய் உன் அம்மாவுக்குப் போன் போட, அவள் "ஒண்ணும் இல்ல, மாமா வந்தாரு, போய்ட்டாரு" என்று பஸ் வந்துபோன மாதிரி சொல்லிவிட்டாளாம். தைலம்மாள் பிறந்ததிலிருந்தே அப்படித்தான். நடந்ததை நடந்தபடி, நடுவில் ஒரு ஸ்டேஜ்கூட விடாமல் நான் சொல்கிறேன். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், அதனால் பேப்பரில் எழுதி, அதைச் செல்லில் படம் பிடித்து அனுப்புகிறேன்.

பரிசிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அகச்சிவப்புக் கதிர், மில்லிமீட்டர் அலை இரண்டிலும் நல்ல ஆராய்ச்சி பண்ணினவர்களில் வருஷத்துக்கு ஒருத்தருக்குக் கொடுக்கிற பரிசு, இந்த வருஷம் நம்ம இசைக்கு என்று சேதி வந்தபோது எனக்குப் 'பரிசு' மட்டும்தான் புரிந்தது. பக்கத்து வீட்டு மலர்விழி டீச்சர் உட்காரவைத்து விளக்கினார். அடுப்பிலிருந்து தள்ளி நின்றாலும் முகத்தில் சூடு வந்து அடிக்கிறதே, அது அகச்சிவப்பாம். மில்லிமீட்டர் அலை தண்ணீரைக் கண்டால் அதற்குமேல் போகாமல் அங்கேயே மடங்கிவிடுமாம், அதை வைத்து ஓர் இலையைத் தொடாமலே அதற்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று நீ சொல்லிவிடுவாயாம். இந்த இரண்டாவது எனக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. பிடிபடவில்லையே என்று நான் கவலையும் படவில்லை, ஏனென்றால் அதற்குள் டீச்சர் இன்னொன்றைப் படித்துக் காட்டிவிட்டார். பரிசுக்காரர்கள் போடுகிற புத்தகத்துக்கு, 'இந்தத் துறைக்கு எப்படி வந்தீர்கள்' என்ற கேள்விக்கு நீ எழுதிக்கொடுத்த நாலு வரி. சின்ன வயதில் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு மாமாவின் பஸ்ஸில் இன்ஜினை மூடிய பானெட் பக்கத்தில் உட்கார்ந்து போவேன், தொடாத சூடு கன்னத்தில் எப்படி வந்து சேர்கிறது என்று அன்றைக்கு யோசித்ததுதான் ஆரம்பம் என்று எழுதியிருந்தாய். எனக்கு அழுகை வந்துவிட்டது கண்ணு. முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் அந்த பானெட்டைப் பற்றி ஒரு மனுஷர் நல்லதாகச் சொன்னது கிடையாது.

உடனே உளுந்தூர்பேட்டைக்குப் போய் பேனருக்குச் சொன்னேன். ஒரு பக்கம் உன் படம், கீழே ஒரு பஸ், மேலே நீ எழுதின பானெட் வரி, இன்னொரு பக்கம் அகச்சிவப்புக் கதிர். கதிர் எப்படி இருக்கும் என்று கடைக்காரர் கேட்டார். கண்ணுக்குத் தெரியாது என்றேன். சரிங்க என்று எழுதிக்கொண்டார். பேனர் வந்து பார்த்தால் பாதி வெள்ளையாகக் கிடக்கிறது. கேட்டதற்கு, "கண்ணுக்குத் தெரியாதுன்னு நீங்கதானங்க சொன்னீங்க, அதான் வெத்தா வுட்டுட்டேன்" என்றார். நியாயம்தான். அப்படியே கொண்டுபோய்ச் சாலை பிரிகிற கூட்ரோட்டில் கட்டினேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் அந்த வெள்ளை இடத்தில் என் சித்தப்பா மகன் பாவாடை தன் போட்டோவைப் பெரிதாக்கி ஒட்டி, கீழே 'தாய்மாமன்' என்று எழுதிவைத்திருக்கிறான். போகிற வருகிறவர்கள் எல்லாம் அகச்சிவப்பைக் கண்டுபிடித்தவன் அவன்தான் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

பாவாடை தாய்மாமன் என்று போட்டுக்கொண்டதும் எனக்குப் பதினெட்டு வருஷத்துக்கு முந்தின புண் திறந்துகொண்டது. உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் உன் அப்பா காசிநாதன் சொன்ன மாதிரி தெரிந்திருக்கும், என் பக்கமும் கேள். உனக்கு மஞ்சள் நீராட்டு வைத்த அன்றைக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. காலை வெள்ளிமலை ட்ரிப்பை முடித்துவிட்டு பத்தரைக்கெல்லாம் திருநாவலூரில் உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவதாகக் கணக்கு. உன் அத்தை சீர்த்தட்டுகளோடு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கிறாள். மலையிலிருந்து இறங்கும்போது மூன்றாவது வளைவில் வண்டி படுத்துவிட்டது. அப்போது என்னிடம் செல் கிடையாது. பஸ்ஸையும் பயணிகளையும் விட்டுவிட்டு கண்டக்டர் ஓடிவர முடியுமா? கச்சிராயபாளையத்திலிருந்து வேறு வண்டி வந்து, நான் தட்டுகளோடு உங்கள் வாசலில் இறங்கும்போது மணி ஒன்று. அந்தப் பாவாடை உனக்குப் போட்ட மாலையோடு நீ உட்கார்ந்திருக்கிறாய். நல்ல நேரம் முடியுது என்று அவனை மாமனாக நிற்கவைத்து முடித்துவிட்டார் உன் அப்பா. ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் திரும்பினேன். அன்றிலிருந்து அந்த வாசலை மிதிக்கவில்லை. நீ விடுமுறைக்கு வந்தால் என் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவாய், உன் அம்மா சந்தைக்கு வருகிற சாக்கில் வருவாள். ஆனால் உன் தோளில் நான் மாலை போட்டதில்லை. இதை நீ என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

எனவே இந்தப் பரிசுக்குத் தாய்மாமன் சீர் செய்தே தீருவது என்று முடிவெடுத்தேன். உன் அம்மா ஒத்துக்கொண்டாள். உன் அப்பா, அவன் வர்றதா இருந்தா நான் வூட்ல இருக்க மாட்டேன், உளுந்தூர்பேட்டைக்குப் போய்டுவேன் என்று சொல்லிவிட்டாராம். ரொம்ப நல்லது என்றேன். பரிசுக்குத் தட்டில் என்ன வைப்பது என்று எந்தப் பெரியவருக்கும் தெரியவில்லை. சடங்குக்கு உளுந்து, நல்லெண்ணெய், வெல்லம் என்று வரிசை இருக்கிறது, ஆராய்ச்சிக்கு யார் வரிசை போட்டிருக்கிறார்கள்? டீச்சர் புத்தகம் வைக்கச் சொன்னார். உன் அத்தை, இவ்வளவு சூட்டோட வேலை பார்க்குற புள்ளைக்குக் குளிர்ச்சியாத்தான் வைக்கணும் என்று வெள்ளரிக்காயும் இளநீரும் வாங்கினாள். வெள்ளிமலை ராமன், என் பஸ்ஸில் இருபது வருஷம் வந்த மனுஷர், சாமை ஒரு படியும் மலைத்தேன் ஒரு பாட்டிலும் கொடுத்தனுப்பினார். பட்டுப்புடவை நான் எடுத்தது, மாம்பழக் கலர். இருபத்தோராவது தட்டுக்கு ஒன்றும் தோன்றாமல் என் கண்டக்டர் விசிலை வைத்தேன். நீ நாலு வயதில் அதை ஊதி, ஸ்டாப்பிங் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தினவள்.

ஆள் ஜெர்மனியில், சீர் திருநாவலூரில். உன் போட்டோவை வைக்கலாம் என்று ஒருத்தர் சொல்ல, உயிரோட இருக்குற புள்ள போட்டோவுக்கு மாலை போடுவாங்களா என்று உன் அத்தை பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் டீச்சரின் லேப்டாப் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை நானும் உன் அத்தையும் டீச்சரும் தட்டுகளோடு ஆட்டோவில் உங்கள் வீட்டில் போய் இறங்கி, நாற்காலியில் புடவையை மடித்துப் போட்டு, அதன்மேல் லேப்டாப்பைக் கிழக்குப் பார்க்க வைத்தோம். உன் முகம் வந்தது. பின்னால் ஏதோ மெஷின், முன்னால் நீ, நெற்றியில் ஒரு பொட்டுகூட இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. மாலை போடுமுன் சந்தனம் வைக்க வேண்டும் இல்லையா? சந்தனத்தைக் குழைத்து நெற்றியில் வைத்தேன். லேப்டாப்புக்கு நெற்றி எது, மேல்பக்கம் நடுவில்தானே? அங்கேதான் கேமரா இருக்கிறது என்று யார் கண்டது. நீ அந்தப் பக்கம் "மாமா, ஒண்ணும் தெரியல" என்கிறாய், நான் ஆனந்தத்தில் அழுகிறாய் என்று நினைத்துக்கொண்டு அதன்மேலேயே குங்குமமும் வைத்து, மாலையைப் போட்டேன். ரோஜா மாலை, வாடக்கூடாதென்று உன் அத்தை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டுவைத்த மாலை. சொட்டுச் சொட்டாக எழுத்துப் பட்டன்கள்மேல் இறங்கியது. லேப்டாப் ஒரு தரம் முனகிவிட்டு அணைந்துபோனது. டீச்சர் போட்ட கூச்சலைத்தான் நீ கடைசியாகக் கேட்டிருப்பாய்.

இனிமேல் நீ பார்க்காதது. எல்லோரும் லேப்டாப்பைத் துடைக்க, உன் அம்மா மட்டும் பதறாமல் உள்ளே போய் நீ பொங்கலுக்கு விட்டுவிட்டுப் போன சூடு பார்க்கிற கேமராவை எடுத்துவந்தாள். தாகமெடுத்த பயிர் சூடாகத் தெரியும் என்று வயலில் பார்க்க உன் அப்பாவுக்குக் கொடுத்தாயே, அதே கேமராதான். அவர் என் கையே போதும் என்று தொடக்கூட இல்லையாம். உன் அம்மாதான் அடைக்கோழிக்கு வைத்த முட்டைகளை அதில் பார்க்கிறாள். உசுரு இருக்குற முட்டை சீக்கிரம் ஆறாது, ஆறுனா கூமுட்டை என்று இப்போது தெருவுக்கே அவள்தான் பார்த்துச் சொல்கிறாள். அதே மாதிரி லேப்டாப்பையும் பார்த்தாள். உள்ளே செவப்பா இருக்குது, உசுரு இருக்குது, பயப்படாதீங்க டீச்சர் என்றாள். சொல்லிக்கொண்டே கேமராவை இப்படித் திருப்பினவள், அப்படியே நின்றாள். சுவரோரம் ஒரு காலி நாற்காலி கிடந்தது. நாங்கள் யாரும் அதில் உட்காரவில்லை. கேமராவில் அது ஆள் எழுந்த வடிவத்துக்குச் சிவப்பாக இருந்தது.

"அண்ணே, இது இன்னும் ஆறல" என்றாள்.

காலையிலேயே உளுந்தூர்பேட்டைக்குப் போய்விட்ட உன் அப்பாவுடைய நாற்காலி எப்படி ஆறாமல் இருக்கும்? அவள் கேமராவை மெதுவாக அந்தப் பக்கத்து அறைக் கதவுக்குக் கொண்டுபோனாள். சாத்தியிருந்த கதவில் விளிம்போரமாக ஐந்து விரலும் பளிச்சென்று தெரிந்தது. அப்போதுதான் இழுத்துச் சாத்தியிருக்கிறார். ஆட்டோ சத்தம் கேட்டும் எழுந்திருக்க மனசில்லாமல் உட்கார்ந்து, நான் படியேறின பிறகுதான் உள்ளே போயிருக்கிறார், நாங்கள் நடத்தின கூத்தை எல்லாம் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். உன் அம்மா தெரியாமல் காட்டினாளா, தெரிந்தேதான் காட்டினாளா என்று எனக்கு இன்னும் சந்தேகமாக இருக்கிறது. நீ உலகப் பரிசுக்குக் கண்டுபிடித்ததை வைத்து உன் அப்பனைக் கண்டுபிடித்தோம், இதையும் பரிசுக்காரர்களிடம் சொல்லலாம்.

கதவு திறந்தது. உன் அப்பா வெளியே வந்தார். பதினெட்டு வருஷத்தில் முடியெல்லாம் வெளுத்துப்போயிருக்கிறது. வாங்க என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார்.

"பானெட்டு சூடு, பானெட்டு சூடுன்னு பேனரு வெச்சிகினு திரியிறியே மச்சான். கரும்புத் தோகைய தொட்டுப் பாத்தா உள்ள எவ்ளோ தண்ணி இருக்குதுன்னு அவளுக்குச் சொன்னது யாரு? உன் பஸ்ஸா?"

எனக்குச் சுருக்கென்றது. ஊரார் வயலுக்கெல்லாம் தண்ணீர் கட்டுகிற ஆள், இலையைத் தொட்டாலே இந்தக் காணிக்கு இன்னும் இரண்டு நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார், அது எனக்குத் தெரியும். ஆனால் டீச்சர் சொன்ன அந்த இரண்டாவது அலை அப்போதுதான் எனக்கு லேசாகப் பிடிபட ஆரம்பித்தது. பிடிபட்டதைக் காட்டிக்கொள்ளவில்லை. அன்னைக்கு பாவாடையை நிக்கவெச்சியே, அதுக்கு இன்னா பதில் என்று கேட்டேன். அவர் அந்த நனைந்த மாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பத்தரைலேந்து நான் ஸ்டாப்பிங்லதான் நின்னுகினு இருந்தேன். நாலு பஸ்ஸு வந்துச்சு. நாலுலயும் ஏறிப் பாத்தேன். நீ இல்ல. இங்க புள்ள அழுவுது, நேரம் முடியுதுன்றாங்க. நான் இன்னா பண்றது?"

"அஞ்சாவதுல வந்தேன் மாப்ளே" என்றேன்.

"அஞ்சாவது வரைக்கும் நான் நிக்கல" என்றார்.

கண்ணு, இந்தச் சேதி எனக்குத் தெரியாது. ஸ்டாப்பிங்கில் நின்றார் என்று பதினெட்டு வருஷத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவரும் சொல்லி அனுப்பவில்லை, நானும் கேட்டு அனுப்பவில்லை. அந்த நேரத்தில் அவர் சும்மா இருந்திருந்தால் நான் கையைப் பிடித்திருப்பேன். சும்மா இருக்க மாட்டாரே உன் அப்பா. புள்ளைக்குப் போன் போட்டு புத்தகத்துல அந்தப் பானெட்டை எடுத்துட்டு இலையைப் போடச் சொல்லு என்று உன் அம்மாவிடம் சொன்னார். எனக்கு ஏறியது பார், நான் பானெட்டைவிடச் சூடாகிவிட்டேன். தட்டையும் எடுக்கவில்லை, கண்ணாடியையும் எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவந்து பஸ் ஏறிவிட்டேன். உன் அத்தை அடுத்த பஸ்ஸில் வந்தாள்.

ஆகவே உனக்கு நான் தெரிவித்துக்கொள்வது மூன்று. இனி அந்த வாசலை நான் மிதிக்கப்போவதில்லை, இது முடிவு. அந்தச் சீர்த்தட்டுகளை உன் அப்பா இருக்கிற வீட்டில் நீ தொடக்கூடாது. யார் சொன்னாலும் புத்தகத்தில் பானெட் வரி அப்படியே இருக்க வேண்டும், ஒரு எழுத்து மாறக்கூடாது. வர்ற திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது என்று டீச்சர் சொன்னார், அதற்குள் அவர் உன்னைக் கரைத்துவிடப் பார்ப்பார், கரையாதே. நீ கரைந்தால் இந்தக் கிழவனுக்கு அந்த நாலு வரியும் போய்விடும். இருக்கிறதே அது ஒன்றுதான்.

மேடை ஏறும்போது வலது காலை எடுத்துவைத்து ஏறு. போகிற வழியெல்லாம் உனக்கு ஜன்னலோர இடம் கிடைக்கட்டும், உன் மெஷின்கள் எந்த வளைவிலும் படுக்காமல் ஓடட்டும். உன் அத்தை கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் ஒரே தாய்மாமன்,
தெ. தெய்வசிகாமணி.

பின்குறிப்பு: சனிக்கிழமை, திருநாவலூர். மேலே எழுதினதை நீ படிக்க வேண்டாம். படித்துவிட்டிருந்தால் மறந்துவிடவும். உன் அத்தை கண்ணாடியில் பேப்பர் படித்துப் படித்து எனக்குத் தலைசுற்றல் வந்துவிட்டது. கண்ணாடியை மட்டும் வாசலில் நின்றே வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று காலையில் பஸ் ஏறி வந்தேன். இறங்கினால் ஸ்டாப்பிங்கில் உன் அப்பா நிற்கிறார், கையில் என் கண்ணாடி. கண்ணு தெரியாம எப்டியும் வருவேன்னு மூணு நாளா காலையில வந்து நிக்கறேன், இன்னைக்கு மட்டும் நாலு பஸ்ஸு போச்சு, நீ அஞ்சாவதுல வந்த என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன், போட்டும் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை.

இளநீர், வெள்ளரிக்காய், பழம் எல்லாம் கெட்டுப்போகும் என்று நாங்களே சாப்பிட்டுவிட்டோம். புடவையும் தேனும் இருக்கின்றன, பொங்கலுக்கு வா, மாலை போடுகிறேன், இந்த முறை நெற்றி எது என்று நன்றாகப் பார்த்துத்தான் சந்தனம். விசிலை உன் அப்பா ஊதிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். லேப்டாப் பிழைத்துவிட்டது, பட்டன்களில் மட்டும் ரோஜா வாசனை வருகிறதாம்.

முக்கியமான சேதி. பானெட்டை எடுத்துவிட்டு இலையைப் போடு. நான்தான் சொல்கிறேன். தொட்டுத் தண்ணீர் பார்க்கிறவர் பெற்ற பெண் தொடாமல் பார்க்கிறாள், இதுதான் உன் கதை. பானெட் சும்மா வழியில் வந்தது. இதைச் சொன்னால் உன் அப்பா, இல்ல மச்சான், பானெட்டு இருக்கட்டும், உன் மனசு நோவக்கூடாது என்கிறார். எடுக்கணும் என்று நான், இருக்கணும் என்று அவர், காலையிலிருந்து இதில்தான் எங்களுக்குச் சண்டை. திங்கட்கிழமைக்குள் நீயே ஒரு முடிவு பண்ணு, இல்லையென்றால் இன்னொரு பதினெட்டு வருஷம் ஆகிவிடும்.

சண்டை முற்றி நாங்கள் இரண்டு பேரும் டீ குடிக்க எழுந்து போனதும் உன் அம்மா அந்தக் கேமராவில் ஒரு படம் எடுத்திருக்கிறாள். இதோடு அனுப்புகிறேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு காலி நாற்காலி, இரண்டும் ஒரே சிவப்பு. எது யாருடையது என்று என்னைக் கேட்காதே, அவளுக்கே தெரியவில்லையாம்.